அந்த 'என்று' எங்கே போனது? வேட்பாளர் பேச்சும் வெட்டிய காணொளியும்

ஓரவரி (இழை தொடங்கியவர்) | இரவு 9.48

மூன்று நாளாக ஒரு 17 நொடிக் காணொளி ஏழெட்டுக் குழுக்கள் வழியாக எனக்கு வந்துவிட்டது. ஒரு வேட்பாளர் மேடையில் நின்று, "முதியோர் உதவித்தொகை தேவையே இல்லை" என்கிறார். கூட்டம் கத்துகிறது. அத்தோடு முடிகிறது. கீழே சிவப்பு எழுத்தில் "ஆணவப் பேச்சு" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு செய்திச் சேனல் அதை வைத்து ஒரு மணி நேர விவாதமே நடத்திவிட்டது. வேட்பாளரின் பெயரையும் கட்சியையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அடுத்த பதிவிலேயே இழை வேறு பக்கம் போய்விடும்.

எனக்கு அவரைப் பிடிக்காது. போன தடவை அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தேன். அந்தத் துண்டு வந்ததும் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். நேற்று இரவு ஏதோ உறுத்தியது. அவர் பக்கத்தில் நேரலையாகப் போன முழுப் பேச்சைத் தேடி எடுத்தேன். 38 நிமிடம். நிறுத்தி நிறுத்திக் கேட்டு நோட்டில் எழுதினேன். 22-ஆவது நிமிடத்தில் அந்த வரி வருகிறது:

"முதியோர் உதவித்தொகை தேவையே இல்லை... என்று சொல்கிறவர்கள் எதிரே நிற்கிறார்கள். அவர்களுக்கா உங்கள் ஓட்டு?"

'இல்லை'க்கும் 'என்று'வுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குகிறார். ஒன்றரை நொடி இருக்கும். கத்தரி அந்த இடத்தில் விழுந்திருக்கிறது.

இதை யோசித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மொழியில் ஒரு கருத்து யாருடையது என்பது வாக்கியத்தின் வாலில்தான் வரும். 'என்று சொல்கிறார்கள்', 'என்றால்', 'என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை' எல்லாமே கடைசியில். வாலை நறுக்கிவிட்டால் எதிராளியின் கருத்து பேசியவரின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம், குரலைத் திருத்த வேண்டாம். 'போலி' என்று சோதித்துப் பார்ப்பவனுக்கும் எதுவும் சிக்காது, ஏனென்றால் அவர் அந்தச் சொற்களைச் சொன்னது உண்மை.

இந்த மாதிரி வெட்டியதைக் காட்டுகிற சேனலை ஒருதலைப்பட்சம் என்று சொல்லலாமா, அவசரம் என்று விடுவதா? வேட்பாளர்களின் சர்ச்சைப் பேச்சுகளில் நீங்கள் இப்படிச் சரிபார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

எதிர்க்காற்று | இரவு 10.03

இதைத்தானே அண்ணே பல வருஷமா நாங்க தொண்டை கிழிய சொல்லிட்டு இருக்கோம். எங்க ஆளு ஒரு வார்த்தை தப்பா விட்டா மூணு நாள் ஓட்டுவாங்க. அவங்க ஆளு மேடையில கேவலமா பேசினா சாயங்காலத்துக்குள்ள காணாம போயிடும். அவசரமாம், கவனக்குறைவாம். எல்லாத் தடவையும் ஒரே பக்கம் சாயுற கவனக்குறைவு எங்கயாவது உண்டா? விலை பேசி முடிச்ச மீடியா. நான் டிவி நியூஸ் பார்க்கிறதையே விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

அந்த வேட்பாளர் எந்தக் கட்சின்னு மட்டும் சொல்லிடுங்க.

ஓரவரி | இரவு 10.07

கட்சியைச் சொல்ல மாட்டேன் நண்பரே. அது தெரியாமலேயே உங்களுக்குக் கோபம் வந்ததே, அந்தக் கோபம் சரியானது. தெரிந்த பிறகு கூடினாலும் குறைந்தாலும்தான் சிக்கல்.

நெடுநல்வாசகி | இரவு 10.31

ஓரவரி, நீங்கள் செய்தது நல்ல வேலை. ஆனால் இந்த இழை 'பாவம் வேட்பாளர்கள், எல்லாம் ஊடகத்தின் சூழ்ச்சி' என்று முடிந்துவிடக் கூடாது. அதனால் எதிர்ப்பக்கத்தையும் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரசாரக் கூட்டத்தில் ஒருவர் எதிர் அணிப் பெண் வேட்பாளரின் உடையைப் பற்றிப் பேசினார். மறுநாள் எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார்: "முழுப் பேச்சையும் கேளுங்கள், முன்பின் தொடர்பில்லாமல் வெட்டியிருக்கிறார்கள்." சரி என்று முழுப் பேச்சையும் கேட்டேன். வெட்டிய துண்டில் ஒரு வரிதான் இருந்தது. முழுப் பேச்சில் அதற்கு முன்னால் நாலு வரி, பின்னால் ஆறு வரி, எல்லாமே அதைவிடக் கீழ். சேனல்காரர்கள் அவருக்கு உதவி செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

'வெட்டிவிட்டார்கள்' என்பது சில சமயம் உண்மை. பல சமயம் அது ஒளிந்துகொள்ளும் இடம். அடுத்து வரும் மன்னிப்பையும் கவனியுங்கள்: "யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." இங்கேயும் வால்தான் பேசுகிறது. 'பட்டிருந்தால்' என்ற அந்த 'ஆல்' பேசியவரிடமிருந்து குற்றத்தை எடுத்துக் கேட்டவளின் மென்மையான மனசுமேல் வைத்துவிடுகிறது. செய்தியில் வருவதோ "மன்னிப்புக் கேட்டார்" என்ற இரண்டே சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டிக்கிறோம் என்ற பெயரில் அந்த வசையையே பத்துத் தடவை ஒலிபரப்புகிறார்கள். நடுவில் ஒரு 'பீப்' வைத்துவிட்டால் கடமை முடிந்தது. அன்று அந்தப் பெண் வேட்பாளர் தன் தொகுதியின் குடிநீர்ப் பிரச்சினை பற்றி என்ன பேசினார் என்று ஒரு சேனலிலும் வரவில்லை. திட்டியவருக்கும் நேரம் கிடைத்தது, திட்டுக்கும் கிடைத்தது. திட்டு வாங்கியவர் பேசியதற்கு மட்டும் கிடைக்கவில்லை. என் கணக்கில் ஊடகச் சார்பு என்றால் முதலில் இதுதான்.

பழையமேசை | இரவு 11.15

நான் ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டு துணை ஆசிரியராக இருந்தவன். எந்த நாளிதழ் என்பது வேண்டாம். மேசையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், பயன்படலாம்.

இரவு பதினொன்றரைக்குக் கடைசிப் பக்கம் போக வேண்டும். பத்தே முக்காலுக்கு நிருபரிடமிருந்து பிரசாரச் செய்தி வரும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தை அவர் முப்பது வரியாகச் சுருக்கி அனுப்பியிருப்பார். அதை நான் பன்னிரண்டு வரியாக்க வேண்டும், தலைப்பு நாலு சொல்லுக்குள். முழுப் பேச்சைக் கேட்க எனக்கு நேரமும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. இதுவரை நடந்ததில் சூழ்ச்சி ஒன்றும் கிடையாது.

சார்பு அந்த நாலு சொல்லுக்குள் நுழையும். ஒருவர் எதிராளியைக் குறை சொன்னார் என்றால் எங்கள் கையில் இருந்த வினைகள் இவை: கூறினார், குற்றம் சாட்டினார், சாடினார், விளாசினார், வசைபாடினார், உளறினார். ஆறும் ஒரே பேச்சுக்குப் பொருந்தும். ஒருவர் தன் பேச்சுக்குக் காரணம் சொன்னால் 'விளக்கம்' என்றும் போடலாம், 'மழுப்பல்' என்றும் போடலாம். நிலைப்பாட்டை மாற்றினால் ஒருவருக்கு 'மறுபரிசீலனை', இன்னொருவருக்கு 'பல்டி'. எந்த வேட்பாளருக்கு எந்த வினை என்று யாரும் சுற்றறிக்கை அனுப்பியதில்லை. ஆனால் மேசைக்கு வந்த ஆறே மாதத்தில் எனக்கு அது கையில் படிந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் மோசமான சொல் 'சர்ச்சை'. "வேட்பாளர் சர்ச்சைப் பேச்சு" என்று முதல் பதிப்பில் நானே போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் சர்ச்சை எதுவும் நடக்கவில்லை, ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நாங்கள் போட்ட பிறகுதான் மறுநாள் எதிர்க்கட்சியில் கருத்துக் கேட்டோம், அவர்கள் கண்டித்தார்கள், சர்ச்சை பிறந்தது. இரண்டாம் நாள் தலைப்பு: "சர்ச்சைப் பேச்சுக்கு வலுக்கும் எதிர்ப்பு".

படங்களையும் பாருங்கள். பிடித்தவருக்குக் கைகூப்பிய படம். பிடிக்காதவருக்கு வாய் பிளந்து, ஒரு கண் பாதி மூடி, விரல் நீட்டிய படம். புகைப்படக்காரர் ஒரு கூட்டத்தில் நூறு படம் எடுக்கிறார், இரண்டு வகையும் எல்லோருக்கும் கிடைக்கும்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் பொய் எதையும் அச்சேற்றவில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கணக்குநோட்டு | காலை 6.40

பழையமேசை ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் கட்சி வேட்பாளருக்குச் செய்தியில் நேரமே தருவதில்லை என்று எனக்கு உறுதியான எண்ணம் இருந்தது. ஒரு வாரம் இரவுச் செய்தியைக் கடிகாரம் வைத்துக்கொண்டு பார்த்தேன். நோட்டில் மூன்று கட்டம்: யாரைப் பற்றிய செய்தி, எத்தனை நொடி, யார் குரலில். முதல் இரண்டு கட்டத்திலும் என் எண்ணம் தவிடுபொடி. இரண்டு வேட்பாளர்களுக்கும் நேரம் கிட்டத்தட்ட சமம். மூன்றாம் கட்டம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒருவர் தன் குரலிலேயே பேசுகிறார், கூட்டத்தின் கைத்தட்டலும் கேட்கிறது. இன்னொருவருக்குப் படம் மட்டும் ஓடுகிறது, வாய் அசைகிறது, அவர் என்ன சொன்னார் என்பதைச் செய்தி வாசிப்பவர் சொல்கிறார். நேரக் கணக்கில் இது பிடிபடவே படாது.

குரல் சுருங்கியது உலகம் முழுக்க நடந்த கதை. டேனியல் ஹாலின் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதிபர் தேர்தல் கால மாலைச் செய்திகளை அளந்தார். 1968-இல் வேட்பாளர் இடைவெட்டில்லாமல் பேசும் துண்டு சராசரியாக 43 நொடி. 1988-இல் 9 நொடி. ஒன்பது நொடியில் ஒரு தமிழ் வாக்கியம் 'என்று' வரை போய்ச் சேருமா என்பதே சந்தேகம்.

எதிர்க்காற்று அண்ணே, உங்களுக்காக ஒன்று. 1985-இல் ஸ்டான்ஃபோர்டில் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1982-இல் பெய்ரூட்டின் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரண்டு தரப்பும் 'இது எங்களுக்கு எதிரானது' என்றது. தங்களுக்கு எதிரான குறிப்புகள்தான் அதிகம் இருந்தன என்றே இரண்டு தரப்பும் எண்ணிச் சொன்னது. விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணம் இன்னும் வலுவாக இருந்தது. 'எல்லாத் தடவையும் ஒரே பக்கம்' என்று நமக்குத் தோன்றும்போது, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே அளவு உறுதியாக அப்படித்தான் தோன்றுகிறது.

எதிர்க்காற்று | காலை 7.22

அப்போ என் கண்ணு பொய் சொல்லுதுன்னு சொல்றீங்களா? ஆராய்ச்சி எழுதி வெச்சுட்டா சார்பே இல்லைன்னு ஆயிடுமா? பழையமேசை ஐயாவே மேலே ஒத்துக்கிட்டாரே, கையில படிஞ்சிடும்னு. சேனல் யாருக்குச் சொந்தம்னு பாருங்க, கதை அங்கயே முடிஞ்சிடும்.

பழையமேசை | காலை 8.10

எதிர்க்காற்றுத் தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆய்வை எங்கள் ஆசிரியரும் ஒரு விதத்தில் பயன்படுத்துவார்: "இரண்டு பக்கமும் நம்மைத் திட்டுகிறார்கள், அப்படியென்றால் நாம் நடுவில் இருக்கிறோம்." நானும் பல வருஷம் நம்பினேன். அது தவறு. இரண்டு பக்கமும் திட்டுவதற்கு, இரண்டு பக்கமும் நாம் தவறு செய்திருக்கலாம் என்பதும் ஒரு காரணம்தானே. பார்ப்பவர் கண்ணில் சாய்வு இருக்கிறது என்பதால் பார்க்கப்படும் பொருள் நேராக இருக்கிறது என்று ஆகாது.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் முக்கியம்தான். ஆனால் அது தெரிந்த இடத்தில் ஆபத்து குறைவு. தமிழில் சன் டிவி 1993-இல் வந்தது, ஜெயா டிவி 1999-இல், கலைஞர் டிவி 2007-இல். எது எந்த முகாமுக்கு அருகில் என்று பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே பார்க்கிறார்கள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்கிறார்கள். 'நாங்கள் யார் பக்கமும் இல்லை' என்று அறிவித்துக்கொண்டு, அரசு விளம்பரம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் தலைப்பை மாற்றுகிற இடம்தான் கஷ்டம். அங்கே எதைக் கழிப்பது என்று தெரியாது.

மூன்றாம்_வரிசை | காலை 9.35

வெளிநாட்டுத் தேர்தல்களைத் தொடர்ந்து படிப்பவன் நான். மூன்று சம்பவங்கள் சொல்கிறேன், ஓரவரியின் கேள்விக்கு நெருக்கமானவை.

1976 அக்டோபர் 6. அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, ஜிம்மி கார்ட்டருடன் விவாத மேடையில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார். போலந்தில் சோவியத் படை நின்றுகொண்டிருந்த காலம். அன்றிரவே பார்த்தவர்களைக் கேட்டபோது ஃபோர்டுக்குப் பெரிய சேதம் தெரியவில்லை, முன்னணியில்கூட இருந்தார். மறுநாள் முழுக்கச் செய்திகள் அந்த வரியையே அலசின. அதன் பிறகு கேட்டால் கார்ட்டர் பெரிய வித்தியாசத்தில் வென்றுவிட்டார் என்றார்கள். விவாதம் ஒன்றுதான், பார்த்தவர்களும் அதே மக்கள்தான். இதை ஊடகத்தின் திணிப்பு என்பீர்களா, கடமை என்பீர்களா? எனக்கு இது கடமை. அதிபரே தவறான தகவல் சொல்லும்போது அதைச் சுட்டிக்காட்டத்தான் பத்திரிகை. ஆனால் ஃபோர்டு ஆதரவாளருக்கு அது வேட்டையாகத் தெரிந்திருக்கும், அவரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவதில் எனக்கு இரண்டு எண்ணமே இல்லை, அது அநியாயம். 2004 ஜனவரி 19, அமெரிக்காவின் அயோவா மாநிலம். ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிப் போட்டியில் ஹோவர்ட் டீன் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். சோர்ந்துபோன தொண்டர்களை உற்சாகப்படுத்த மாநிலப் பெயர்களை அடுக்கிக் கடைசியில் ஒரு கூச்சல் போட்டார். அரங்கத்தில் அத்தனை பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர் குரல் அதில் மூழ்கியது. ஆனால் கையில் இருந்த மைக் சுற்றுச் சத்தத்தை வடிகட்டி வாயருகே வரும் குரலை மட்டும் பிடிக்கும் வகை. தொலைக்காட்சியில் கேட்டது அமைதியான அறையில் ஒரு மனிதன் தனியாக அலறுவது போல. நாலு நாளில் 600 தடவைக்கு மேல் ஒளிபரப்பினார்கள். யாரும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. ஒரு மைக்கும், திரும்பத் திரும்பப் போட்டதும் போதுமாக இருந்தது. ஓரவரி, உங்கள் 'என்று' காணாமல் போனது போல, அங்கே கூட்டத்தின் சத்தம் காணாமல் போனது.

மூன்றாவது பிரிட்டன், 2010 ஏப்ரல் 28, ராச்டேல். பிரதமர் கார்டன் பிரவுன் தெருவில் ஒரு பெண்மணியிடம் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் குத்திய ஸ்கை நியூஸ் மைக் அணையவில்லை. உள்ளே உட்கார்ந்து அந்தப் பெண்மணியை வெறுப்பு மனப்பான்மை கொண்டவர் என்று உதவியாளரிடம் சொன்னது பதிவாகிவிட்டது. அன்றே ஒரு வானொலி நிலையத்தில் அந்த ஒலியை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் படம் உலகம் சுற்றியது. பிறகு அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். தனியாகப் பேசியதை ஒளிபரப்பலாமா? தெருவில் ஒரு முகமும் காருக்குள் ஒரு முகமும் இருந்தால் வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இவ்வளவு நடந்தும் அந்தத் தேர்தலில் ராச்டேல் தொகுதியில் பிரவுனின் லேபர் கட்சிதான் வென்றது. ஒரு பேச்சு தேர்தலையே மாற்றிவிட்டது என்று சேனல்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சட்டப்புள்ளி | மதியம் 12.20

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் நான்.

இந்தியாவில் தேர்தல் நடத்தை விதிமுறைகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தை வைத்துத்தான் தேர்தல் ஆணையம் பிரசாரத் தடை போடுகிறது. 2019 ஏப்ரல் 15 நினைவிருக்கும். உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் தன் அதிகாரம் குறைவு என்று சொல்லி, நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்ட அதே நாளில் நாலு பேருக்குத் தடை வந்தது: யோகி ஆதித்யநாத், ஆசம் கான் இருவருக்கும் 72 மணி நேரம், மாயாவதி, மேனகா காந்தி இருவருக்கும் 48 மணி நேரம். 2021-இல் ஆ. ராசாவுக்கு 48 மணி நேரம், மம்தா பானர்ஜிக்கு 24 மணி நேரம், ஹிமந்த பிஸ்வ சர்மாவுக்கு 48 மணி நேரம் விதித்து 24 ஆகக் குறைத்தார்கள்.

இதில் ராசா விவகாரம் இந்த இழைக்கு நேராகப் பொருந்தும். எடப்பாடி பழனிசாமியின் தாயாரைத் தொட்ட அந்த உவமை பழனிசாமி, ஸ்டாலின் என்ற இரண்டு தலைவர்களின் அரசியல் வளர்ச்சியை ஒப்பிடச் சொன்னது என்றும், வெட்டிப் பரப்பினார்கள் என்றும் முதலில் விளக்கினார். பழனிசாமி பிரசார மேடையில் கண்கலங்கியதும் மனம் திறந்து மன்னிப்புக் கேட்டார். ஆணையம் விளக்கத்தை ஏற்காமல் தடை விதித்தது. முழுப் பேச்சையும் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரசியலைத்தான் ஒப்பிட்டார் என்பதும் சரி, அந்த உவமையை எடுத்திருக்கவே கூடாது என்பதும் சரி. அன்று அதை ஒளிபரப்பியவர்கள் இரண்டு முகாமாகப் பிரிந்து இவற்றில் ஒன்றை மட்டும் சொன்னார்கள்.

வழக்குகளில் வேகம் எதிர்பார்க்காதீர்கள். மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி ஊழல் நடவடிக்கை. 1987 டிசம்பரில் மும்பை வில்லே பார்லே இடைத்தேர்தலில் பால் தாக்கரே பேசிய பேச்சுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1995 டிசம்பரில்.

ஊடகம் பக்கம் வந்தால், அதே சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தொலைக்காட்சியில் பிரசாரம் கூடாது. அச்சுப் பத்திரிகை அதற்குள் வராது. காசு வாங்கிச் செய்தி போடுவதற்கு நேரடித் தண்டனை இல்லாததால், அந்தச் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்ற வழியில்தான் 2011-இல் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரை ஆணையம் மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்தது. பத்திரிகை தப்பித்தது, வேட்பாளர் மாட்டினார். பிரிட்டனில் தொலைக்காட்சிகளுக்கு நடுநிலை என்பது ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதி, மீறினால் அபராதம் வரை போகும். அமெரிக்காவில் இருதரப்பும் காட்ட வேண்டும் என்ற விதி 1987-இல் கைவிடப்பட்டது. ஓரவரி காட்டிய 'என்று' வெட்டு இங்கே எந்தப் பிரிவில் வரும் என்று யோசித்தேன். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய்க்கு 123(4) இருக்கிறது. கொள்கை பற்றி வெட்டிய வீடியோவுக்கு அதை நீட்டுவது கடினம்.

நெடுநல்வாசகி | மதியம் 1.05

சட்டப்புள்ளி, 48 மணி நேரத் தடை என்பதும் எனக்குத் திருப்தியில்லை. தடை விழுந்தவர் அந்த இரண்டு நாளும் 'பேசவிடாமல் தடுத்தார்கள்' என்று கூடுதல் செய்தியாகிவிடுகிறார். வசை வாங்கியவருக்கு அந்த 48 மணி நேரத்தில் ஒரு நிமிடமாவது கூடுதலாகக் கிடைக்கிறதா?

புதுவாக்காளர் | மதியம் 3.48

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் ஓட்டு. முழு இழையையும் படிச்சேன். ஒரு சந்தேகம். ஓரவரி அண்ணா மாதிரி 38 நிமிஷம் உட்கார்ந்து கேட்க எல்லாராலும் முடியாது. ஒரு துண்டு வீடியோ வந்தா உடனே பார்க்க வேண்டியது என்ன?

ஓரவரி | மாலை 5.12

தம்பி/தங்கை, எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

கடைசி நொடியைக் கேளுங்கள். பேசுபவர் வாய் மூடியதா, இல்லை அடுத்த சொல்லுக்குத் திறந்திருக்கிறதா? குரல் இறங்கி முடிந்ததா, பாதியில் நின்றதா? நான் முதலில் அனுப்பிய துண்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படத்தில் அவர் உதடு 'எ' சொல்ல விரிந்திருக்கிறது. ஏழெட்டுத் தடவை பார்த்தும் என் கண்ணில் அது பட்டதில்லை, ஏனென்றால் நான் கோபப்படத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்த வேட்பாளரின் சொந்தப் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் பிரசாரத்தை நேரலை விடுகிறார்கள். முழுதும் கேட்க வேண்டாம், அந்த வரிக்கு முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் இரண்டு நிமிடம் போதும். நெடுநல்வாசகி சொன்னது போல அப்போது பேச்சு இன்னும் மோசமாகவும் தெரியலாம், அதற்கும் தயாராக இருங்கள். நேரலையை அவர்களே அழித்துவிட்டிருந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த நாலு பேருக்கும் நேற்றே முழுப் பேச்சின் சுட்டியை அனுப்பி, 22-ஆவது நிமிடம் பாருங்கள், நான் அனுப்பியது தவறு என்று எழுதினேன். இருவர் பார்க்கவில்லை. ஒருவர் "உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டார், இருபது வருடப் பழக்கம். நாலாவது ஆள் என் மாமா. முழுதும் கேட்டுவிட்டு, "இவனுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன், ஆனால் அந்த வீடியோவை அழித்துவிட்டேன்" என்று பதில் போட்டார்.

இப்போது எதிர் வேட்பாளரின் பேச்சு ஒன்றும் வெட்டி வந்து சுற்றுகிறது, 12 நொடி. அவரை எனக்குப் பிடிக்கும், அதனால் என் காதை நான் நம்பவில்லை. மூலப் பேச்சு 41 நிமிடம். முதல் பாதியை இன்று இரவு தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். இரண்டாம் பாதியை வேறு ஒருவர் செய்தால் நல்லது. அவரைப் பிடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது.

எதிர்க்காற்று | மாலை 5.40

நான் பண்றேன் அண்ணே. எனக்கு அந்த ஆளைச் சுத்தமா பிடிக்காது. சேனல் பத்தி நான் சொன்னது அப்படியேதான் இருக்கு, அதுல மாத்தமில்லை. எந்த நிமிஷத்துல இருந்து ஆரம்பிக்கணும்?

ஓரவரி | மாலை 5.43

20-ஆவது நிமிடம். சுற்றுகிற துண்டு 27-இல் வருகிறது. 'என்று', 'ஆனால்', 'என்றால்' எதையும் விடாமல் அடியுங்கள். கூட்டம் கத்துகிற இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'கூச்சல்' என்று போடுங்கள், நேரமும் குறியுங்கள்.

எதிர்க்காற்று | மாலை 5.44

சரி.